எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து

கடைக்குப் போகிறவரிடம் ‘ரெண்டு வாங்கிட்டு வாங்க’ என்று சொல்லிப் பாருங்கள், சார். ரெண்டு கிலோவா, ரெண்டு பாக்கெட்டா என்று கேட்காமல் கிளம்புகிற ஆள் இருக்க மாட்டார். என் தங்கையின் கணவர் கிளம்பிவிடுவார்.

எங்கள் குடும்பம் ஒரு ஸ்கூபா பள்ளி நடத்துகிறது. அப்பா தொடங்கியது. தண்ணீருக்கடியில் எப்படி மூச்சு விடுவது, எப்படிப் பத்திரமாக மேலே வருவது என்று புதியவர்களுக்குப் பல வருஷமாக நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சமீபத்தில் அப்பா அந்த வகுப்பைத் தூக்கி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். அவர் சிரிக்கச் சிரிக்கப் பேசுவாராம். நான் பேசினால் கொட்டாவி வருகிறதாம்.

டைவ் கம்ப்யூட்டர் என்பது மந்திரப் பெட்டி இல்லை. கடிகாரம் போல மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்து, அதை ஆழமாக மாற்றித் திரையில் காட்டும். எண் பெரிதாகத் தெரியும். அது அடியா மீட்டரா என்று சொல்கிற எழுத்து, எறும்பு அளவில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை அடிக்கணக்கில் பழகியவர். அறுபது அடி அவருடைய எல்லை. மீட்டரில் அது பதினெட்டுச் சொச்சம்.

வகுப்பில் ஒரு பெண் அந்த எழுத்து எதற்கு என்று கேட்டாள். நல்ல கேள்வி. அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “அதெல்லாம் எங்க மச்சான் மாதிரி ஆளுங்களுக்கும்மா. நமக்கு நம்பர் போதும்.” வகுப்பே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

பிறகு அவருடைய கம்ப்யூட்டரில் பேட்டரி தீர்ந்தது. மாற்றித் தரச் சொல்லி என் மேசையில் வைத்தார். திருப்புளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது, பாவம். அந்த ரகத்தில் பேட்டரியைக் கழற்றினால், நாம் வைத்த அமைப்பெல்லாம் அழிந்து, கம்பெனியில் செய்து அனுப்பியபோது இருந்த நிலைக்கே போய்விடும். அடி போய் மீட்டர் வந்துவிடும். நான் எதையும் மாற்றவில்லை, சார். வந்ததை அப்படியே விட்டேன்.

படகில் கேட்டார், “பேட்டரி போட்டாச்சா மச்சான்?”

“போட்டாச்சு மாப்ள. நம்பரைப் பாத்து இறங்குங்க.”

கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் பாறைச்சுவர் அது. கீழே பார்த்தால் வெறும் நீலம். கண்ணால் ஆழம் பிடிபடாது. பதினெட்டு மீட்டரில் நான் நின்றேன். அவர் எனக்குக் கீழே மணிக்கட்டைப் பார்த்தபடி இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு தடவை அண்ணாந்து பார்த்து, பயந்த கோழி மாதிரி முழங்கைகளை அடித்துக் காட்டினார். என்னைக் கிண்டல் செய்கிறாராம். பிறகு விரலையும் கட்டைவிரலையும் வளையமாக்கி, எல்லாம் சரிதானே என்று சைகையில் கேட்டார். நானும் வளையம் காட்டினேன்.

முப்பது மீட்டருக்குக் கீழே காற்றிலிருக்கும் நைட்ரஜன் சாராயம் போல வேலை செய்யும். ஆள் காரணமில்லாமல் சந்தோஷமாக இருப்பார். அறுபது மீட்டரில் ஒரு மூச்சு, மேலே விடுகிற ஏழு மூச்சின் காற்றைத் தின்றுவிடும். இதையெல்லாம் நான் வகுப்பில் படம் போட்டு விளக்குவேன். அப்போதுதான் அவர் கொட்டாவி விடுவார்.

உடலை மேலே கொண்டுவந்தபோது திரையில், அன்று தொட்ட அதிகபட்ச ஆழமாக அறுபத்தொன்று இருந்தது. பக்கத்தில் எழுத்தும் இருந்தது. கருவி பொய் சொல்லவே இல்லை. தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, அது கையில இருந்தும் எப்படிண்ணா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அளவு தெரியாத கையில் எது இருந்து என்ன பயன்? அவளிடம் அதைச் சொல்லவில்லை. எனக்கும் மனசு உண்டு.

இவ்வளவு விசாரித்தும் நீங்கள் கேட்க மறந்த ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன், சார். பேட்டரி மாற்றியதும் ஆழ அலாரம் தானாகவே உயிர் பெற்றுவிடும். முப்பது மீட்டர் தாண்டினால் விடாமல் கத்தும். அதை மட்டும் நான் அணைத்து வைத்தேன். அது கத்தியிருந்தால் மனிதர் பதறிப்போய் மேலே வந்திருப்பார். அப்புறம் எப்படிக் கற்றுக்கொள்வார்?