நாலாவது தம்பி

நர்ஸ்: கடையை யார்கிட்ட விட்டுட்டு இப்படி ஓடி வர்றீங்க அக்கா?

ஜெராக்ஸ் அக்கா: மெஷின் தன்னைத்தானே பார்த்துக்கும். எங்க என் தம்பி?

நர்ஸ்: எந்தத் தம்பி?

ஜெராக்ஸ் அக்கா: அதான், தலையில அடிபட்டு வந்திருக்கானே… ஸ்ட்ரெச்சர்ல.

நர்ஸ்: ஐயோ, மறுபடியுமா? இந்த மாசத்துல இது நாலாவது தம்பி! போன வாரம் வந்த லாரிக்காரருக்கு உங்க அப்பா வயசு.

ஜெராக்ஸ் அக்கா: எங்கம்மாவுக்குப் பிள்ளைங்க ஜாஸ்தி. வளவளன்னு பேசாம சொல்லு, என்ன ஆச்சு?

நர்ஸ்: பெயின்டர். மூணாவது மாடி சாரத்துலேருந்து விழுந்திருக்கார். கான்ட்ராக்டர் ஆம்புலன்ஸ்ல ஏத்திவிட்டதோட சரி… போனை அணைச்சு வச்சிட்டான்.

ஜெராக்ஸ் அக்கா: வீட்டுல?

நர்ஸ்: அவர் போன்லேருந்து சம்சாரத்துக்கு நான்தான் பேசினேன். பஸ் ஏறிட்டாங்க. வந்து சேர மூணு மணி நேரம் ஆகும்.

ஜெராக்ஸ் அக்கா: அது வரைக்கும் தாங்குவானா?

நர்ஸ்: வந்தப்ப நல்லாத்தான் பேசினார். இப்போ வாய் குழறுது. ரெண்டு தடவை வாந்தி. வலது கண்ணுல பாப்பா பெருசாயிட்டே போகுது… உள்ள ரத்தம் கட்டுது அக்கா. ஸ்கேன் எடுத்து உடனே ஆபரேஷன் பண்ணினா பொழைச்சுக்குவார்.

ஜெராக்ஸ் அக்கா: பண்ண வேண்டியதுதானே! ஸ்கேன் ரூம் இதோ இருக்கு.

நர்ஸ்: கட்டில் இல்லையாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிச் சீட்டு தயார். கூட ஆளில்லாம வர்ற தலையடி கேஸை இங்க வச்சுக்கக் கூடாதுன்னு மேலிடத்துல வாய்ச்சொல்லா சொல்லியிருக்காங்க.

ஜெராக்ஸ் அக்கா: ஒன்றரை மணி நேர ரோடு… அதுலயும் பாலத்துல வேலை நடக்குது. ஆம்புலன்ஸ் நகருமா?

நர்ஸ்: எதிர்ல தனியார்ல உடனே பார்ப்பாங்க. ஆனா…

ஜெராக்ஸ் அக்கா: ஆனா, முன்பணத்தைப் பார்த்துட்டுத்தான் நோயாளியைப் பார்ப்பாங்க. விடு. நான் பேசிக்கறேன்.

நர்ஸ்: அக்கா, வேணாம்… டாக்டர் வர்றார். இன்னைக்குக் கடுகடுன்னு இருக்கார். நான் மாட்டிக்குவேன்.

ஜெராக்ஸ் அக்கா: நீ எதுக்கு மாட்டறே? உனக்கு என்னைத் தெரியாது. எனக்கு உன்னைத் தெரியாது.

டாக்டர்: யாரும்மா நீ? எமர்ஜென்சி வார்டுக்குள்ள யார் விட்டது?

ஜெராக்ஸ் அக்கா: நான் இவனுக்கு அக்கா சார். கூடப் பொறந்தவ.

டாக்டர்: சிஸ்டர், கூட யாருமில்லேன்னு சொன்னீங்க?

நர்ஸ்: அது… இப்பத்தான் சார் வந்தாங்க.

டாக்டர்: உன் தம்பி பேரென்ன?

ஜெராக்ஸ் அக்கா: வீட்டுல சின்னவன்னுதான் கூப்பிடுவோம்.

டாக்டர்: வயசு?

ஜெராக்ஸ் அக்கா: என்னைவிட மூணு வயசு சின்னவன்.

டாக்டர்: பார்த்தா உனக்கு அண்ணன் மாதிரி இருக்கார்.

ஜெராக்ஸ் அக்கா: வெயில்ல தொங்கிட்டு பெயின்ட் அடிக்கிற உடம்பு சார். நான் ஃபேனுக்குக் கீழ உக்காந்து வேலை பார்க்கறவ.

நர்ஸ்: சார், பி.பி. ஏறுது… நாடி குறைஞ்சுக்கிட்டே வருது.

டாக்டர்: கேட்டியாம்மா? சீட்டு எழுதியாச்சு. உன் தம்பியைக் கூட்டிட்டுக் கிளம்பு.

ஜெராக்ஸ் அக்கா: கிளம்ப மாட்டேன்.

டாக்டர்: என்ன சொன்னே?

ஜெராக்ஸ் அக்கா: கிளம்ப மாட்டேன்னேன்.

டாக்டர்: சத்தமா சொல்லு! வராந்தாவுல சூப்பிரண்டு நிக்கறார், அவர் காதுலயும் விழட்டும்!

ஜெராக்ஸ் அக்கா: கிளம்ப மாட்டேன் சார்! பொழைக்கிற உயிரைப் பாதி வழியில விட நான் என்ன பைத்தியமா?

டாக்டர்: இங்க கட்டில் இல்ல.

ஜெராக்ஸ் அக்கா: ஏழாம் நம்பர் காலி.

டாக்டர்: அது உனக்கெப்படித் தெரியும்?

ஜெராக்ஸ் அக்கா: உங்க ஆபீஸ் மெஷின் படுத்து எட்டு மாசம் ஆகுது சார். தினம் காலையில கட்டில் கணக்கு எங்கிட்டத்தான் காப்பிக்கு வருது. ஏழுக்கு நேரா பென்சில்ல ஒரு கோடு. யாராவது பெரிய மனுசருக்கு நெஞ்சு வலிச்சா வந்து படுக்கறதுக்கு. இன்னைக்கு இது வரைக்கும் எந்தப் பெரிய மனுசருக்கும் வலிக்கல.

நர்ஸ்: அக்கா, மெதுவா… அதாவது, அம்மா, மெதுவா பேசுங்க.

ஜெராக்ஸ் அக்கா: இன்னொண்ணும் எடுத்தேன் சார், நாப்பது காப்பி. உயிருக்கு ஆபத்துன்னு வர்றவங்களுக்கு முதல்ல வைத்தியம், மத்ததெல்லாம் அப்புறம்னு ஒரு உத்தரவு. வார்டுக்கு வார்டு ஒட்டியிருக்கீங்க. உங்க தலைக்குப் பின்னாடியே தொங்குது. படிக்கட்டுமா?

டாக்டர்: வேணாம்… எனக்கும் படிக்கத் தெரியும். அங்க கொண்டுபோக மாட்டேன், இங்கயே பாருங்கன்னு எழுதிக் குடுப்பியா?

ஜெராக்ஸ் அக்கா: குடுக்கறேன்.

டாக்டர்: நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, நான் எழுதலைன்னு மாத்திப் பேச மாட்டியே?

ஜெராக்ஸ் அக்கா: ஒண்ணும் ஆகாது. நீங்க கை வைங்க சார், நான் கையெழுத்து வைக்கறேன்.

டாக்டர்: இந்தா, இதுல எழுது. மேலயே நேரம் போடு, பதினொண்ணு நாப்பதுன்னு. உறவுங்கற எடத்துல அக்கான்னு தெளிவா எழுது.

ஜெராக்ஸ் அக்கா: எழுதியாச்சு. பிடிங்க.

டாக்டர்: சிஸ்டர், நீங்களும் பார்த்தீங்க. எழுத்து மூலமா மறுத்துட்டாங்க. இனிமே அனுப்பவும் முடியாது, சும்மா போட்டு வைக்கவும் முடியாது. ஸ்கேனுக்குத் தள்ளுங்க. தியேட்டருக்கு போன் பண்ணுங்க, தலைக்குப் பார்க்கற சர்ஜன் கிளம்பறதுக்குள்ள பிடிச்சு வைங்க. ஏழாம் நம்பர்ல விரிப்பு போடச் சொல்லுங்க. என்ன பார்த்துட்டு நிக்கறீங்க? ஓடுங்க!

நர்ஸ்: இதோ சார்!

ஜெராக்ஸ் அக்கா: சார்… பொழைச்சுக்குவான் இல்ல?

டாக்டர்: வெளிய போய் உக்காரும்மா.

*

நர்ஸ்: அக்கா! மணி அஞ்சாகப் போகுது. இன்னும் இந்தப் படியிலயா உக்காந்திருக்கீங்க?

ஜெராக்ஸ் அக்கா: கால் மரத்துப்போச்சு, எழுந்திருக்க முடியல. சொல்லு… மூஞ்சியை அப்படி வச்சுக்காதே.

நர்ஸ்: ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது! இத்தனை பெரிய ரத்தக்கட்டி… எடுத்துட்டாங்க. இன்னும் அரை மணி தாமதிச்சிருந்தா சொல்றதுக்கில்லன்னார் சர்ஜன்.

ஜெராக்ஸ் அக்கா: கண்ணு முழிச்சானா?

நர்ஸ்: இப்பத்தான். முழிச்சதும், ரெண்டாவது கோட் அடிச்சாச்சான்னு கேட்டார்.

ஜெராக்ஸ் அக்கா: வேலைப் பைத்தியம். எங்க குடும்பமேதான், சந்தேகமில்ல.

நர்ஸ்: குடும்பமா! அவர் சம்சாரம்கிட்ட, உங்க நாத்தனார்தான் கையெழுத்துப் போட்டாங்கன்னு சொன்னேன். எனக்கு நாத்தனாரே கிடையாதேன்னு முழிக்கறாங்க.

ஜெராக்ஸ் அக்கா: நேத்து வரைக்கும் கிடையாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?

நர்ஸ்: சொன்னேன். சிரிச்சாங்க… அப்படியே அழுதுட்டாங்க. உங்களைப் பார்த்தே ஆகணுமாம்.

ஜெராக்ஸ் அக்கா: வர்றேன். முதல்ல கையைக் குடு, எழுந்திருக்கறேன்.

நர்ஸ்: மெதுவா… அக்கா, டாக்டர் எல்லார் முன்னாடியும் உங்களை அப்படி விரட்டினாரே, மனசுல வச்சுக்காதீங்க. போன வருசம் ஒரு கொத்தனாரைத் தன்னிச்சையா ஏழாம் நம்பர்ல சேர்த்ததுக்கு மெமோ வாங்கினவர். இன்னொரு தடவைன்னா தூக்கி எங்கயாவது போட்டுடுவாங்க.

ஜெராக்ஸ் அக்கா: தெரியும்.

நர்ஸ்: நல்ல வேளை, அவருக்கு மூஞ்சியே மனசுல நிக்காது. ஒவ்வொரு தடவையும் யாரும்மா நீன்னு புதுசா கேட்கறார். ஆமா… நானும் போன் பண்ணல, ஆம்புலன்ஸும் பின்வாசல் வழியா வந்துது. இங்க ஒருத்தர் வந்து கிடக்கறார்னு உங்களுக்கு யார் சொல்றாங்க?

ஜெராக்ஸ் அக்கா: ஒருத்தர் போன் பண்றார். அக்கா, உங்க தம்பி ஒருத்தர் வந்திருக்கார், நானா சேர்த்தா என்னை விட மாட்டாங்க, சீக்கிரம் வந்து எங்கூடச் சண்டை போடுங்கன்னு… வேற யாரு, உங்க டாக்டர்தான்!