கருப்புசாமி படத்துக்குக் கீழே ஒரு விளக்கு

1999 மார்ச் எட்டாம் தேதி, திங்கட்கிழமை, மைசூர் ஹெப்பாளில் காலை பத்து மணியிலிருந்து ஒன்றரை வரை மின்சாரம் இல்லை.

மின்சாரம் வந்ததும் முதல் வேலையாகக் கருப்புசாமியின் பட்டுக்கடை இணையதளத்தை ஏற்றினேன். தொலைபேசிக் கம்பி வழியாக அது போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. காத்திருப்பது எனக்குச் சிரமமில்லை. வேலை சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் அவரைக் கொன்றுவிட்டதாகக் கருப்புசாமி புகார் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். கையெழுத்தும் அவருடையதுதான் என்கிறீர்கள். எந்தப் பிரிவில் பதிவது என்று உங்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் சார்.

கருப்புசாமி கொள்ளேகால்காரர். அங்கிருந்த வீட்டை விட்டுவிட்டு மைசூருக்கு வந்து கடை வைத்தவர். கடைக்கு இணையதளம் தேவையே இல்லை. அதை அவரே சொன்னார். அவருக்கு வேண்டியது வேறு. தங்கை சித்தம்மா பினாங்கில் இருந்தார். அவருடைய மகள் நிர்மலாவின் சீருக்குத் தாய்மாமனான இவர் போகவில்லை. அதிலிருந்து பதினோரு வருடம் பேச்சு இல்லை, கடிதம் இல்லை. இப்போது சித்தம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றும், நிர்மலா கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள் என்றும் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார்.

"போன் பண்ணுனா நான் எறங்கிப் போன மாதிரி ஆயிருமுங்க தம்பி," என்றார். "இது ஊருக்கே போட்டதுதானுங்களே. அவ பாத்தாப் பாக்கட்டும். பாத்துட்டு வந்தா வரட்டும்."

முதல் பக்கத்தில் அவருடைய படம் வர வேண்டும் என்பது மட்டுமே அவர் போட்ட நிபந்தனை. வண்ணப் படம் திறக்க அதிக நேரம் எடுத்ததால் அதைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். படத்துக்குக் கீழே வெற்றிடம் இருந்தது. அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்தேன். பன்னிரண்டு படங்களைக் கையால் வரைந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, சுடர் அசைவதுபோலச் செய்திருந்தேன். மூன்று வார வேலை. பார்ப்பவர்களும் ஏதாவது செய்ய வேண்டும் என்பது என் தொழிலின் அடிப்படை. அதனால் சுட்டியைப் படத்தின்மேல் கொண்டுபோனால் அவர் கழுத்தில் மாலை விழும்படி எழுதினேன். விளக்குக்குப் பக்கத்தில் 1937 – 1999 என்று போட்டேன். ஒன்று அவர் பிறந்த வருடம், மற்றது பக்கம் வெளியான வருடம்.

அலுவலகத்தில் ஆங்கில வாசகங்களைத் தட்டச்சு செய்யும் அஷ்வினிதான் முதலில் பார்த்தாள். சுட்டியைப் படத்தின்மேல் கொண்டுபோனாள். மாலை விழுந்தது.

"ஏன்ப்பா சுரேந்தர், நேத்து நம்மகூட ஒரு காபியப் பாதியாப் பிரிச்சு பை-டூ குடிச்சாரே, அவரா இது?"

"அவர்தான்."

"எப்ப போனாரு?"

அப்போது எனக்குப் புரிந்தது. தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. விளக்கை எடுத்துவிடலாம் என்றாள். எடுத்தால் அந்த இடம் காலியாகிவிடும் என்றேன்.

அச்சடித்த தாள்களைக் கருப்புசாமிக்குக் கொடுத்தேன். சேலைகள் இருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் முகத்தைத் தானே பார்ப்பதற்குக் கூச்சப்பட்டு முதல் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். நான் மறைக்கவில்லை.

விருந்தினர் பக்கம் என்று ஒன்று உண்டு. வந்து பார்ப்பவர்கள் பெயரும் இரண்டு வரியும் எழுதிவிட்டுப் போகலாம். நான் செய்த முந்தைய ஏழு தளங்களிலும் அதில் எழுதியவர்கள் நானும் அஷ்வினியும் மட்டுமே. இதில் ஒரே மாதத்தில் நூற்றுப்பதினேழு பேர் எழுதினார்கள். அமெரிக்காவில் இருக்கும் கோயமுத்தூர்க்காரர்கள், துபாயில் இருக்கும் கொள்ளேகால் பையன்கள். 'நல்ல மனிதர்' என்றார்கள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அழுதார்கள். ஒருவர் மாலையை மட்டும் இருபது தடவை போட்டதாக எழுதியிருந்தார். இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

கருப்புசாமியின் கடைக்குச் சேலை நெய்து கொடுக்கும் கொள்ளேகால் நெசவாளர் சித்தையன் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பக்கத்தைப் பார்த்துவிட்டு, 'இவர் உயிரோடு இருக்கிறார், நேற்றுக்கூட மைசூர்க் கடையில் பார்த்தேன்' என்று எழுதினார். அழித்தேன். மறுபடி எழுதினார். மூன்று தடவை அழித்தேன். நூற்றுப்பதினேழு பேர் துக்கத்தில் இருக்கும் இடத்தில் அது மரியாதையாகப் படவில்லை.

அவர் ஏன் கருப்புசாமியிடமே சொல்லவில்லை என்று கேட்டீர்கள். உயிரோடு இருப்பவர் முன்னால் போய் நின்று 'நீங்கள் செத்துவிட்டதாகப் போட்டிருக்கிறது' என்று சொல்ல நம்மவர்களுக்கு வாய் வராது. சொன்னால் பலித்துவிடுமோ என்று பயம். சித்தையன் அவரைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்திருக்கிறார். அஷ்வினி கருப்புசாமிக்கு முழுக் காபி வாங்கிக் கொடுக்கத் தொடங்கினாள்.

கருப்புசாமி புதன்கிழமைதோறும் பஸ் பிடித்து ஹெப்பாளுக்கு வருவார். கேட்பது ஒரே கேள்வி.

"பினாங்குல இருந்து யாராச்சும் வந்துட்டுப் போனாங்களாங்க தம்பி?"

"எண்ணிக்கை கூடியிருக்கிறது சார்," என்பேன். அது உண்மை.

ஏப்ரல் கடைசியில் நிர்மலா எழுதினார். பக்கத்தைப் பார்த்த அன்றே அம்மா தலைமுழுகிவிட்டு வீட்டில் விளக்கேற்றியதாகச் சொன்னார். மாமா கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று அம்மா கேட்கச் சொன்னாராம். பதில் எழுத வேறு யாரும் இல்லாததால் குடும்பத்தார் பெயரில் நான் எழுதினேன். 'தங்கையைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்.' இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

நிர்மலா முகவரி கேட்டார். அந்தத் தளத்தில், கடை முகவரி வர வேண்டிய தொடர்புப் பக்கம் என்று ஒன்று இருந்தது. அதில் ஒரு சின்ன ஆள் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டே இருப்பான், கீழே 'பணி நடைபெறுகிறது' என்று வரும். அது முடியும்வரை பொறுக்கச் சொன்னேன். ஆகஸ்ட் மாதம், அம்மாவை அழைத்துக்கொண்டு மைசூருக்கு வந்து மாமாவின் வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும் என்று எழுதினார். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் இருந்தது. நோயாளிக்கு அவ்வளவு தூரம் பயணம் கூடாது என்று நினைத்தேன். 'வர வேண்டாம், இங்கே எல்லாம் முறைப்படி முடிந்துவிட்டது' என்று பதில் போட்டேன். மொத்தம் ஆறு பதில். ஆறும் நான் எழுதியவைதான், ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வாரப் புதன்கிழமை கருப்புசாமி வழக்கம்போலக் கேட்டார். இல்லை என்றேன்.

"அவளுக்கு ரோசம் சாஸ்திங்க தம்பி," என்றார். "எனக்கும் அப்படித்தானுங்க." சிரித்தார். பிறகு, இணையப் பக்கத்தில் கடையின் வாசல் நன்றாகத் தெரிகிறதா, பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவளுக்கு அடையாளம் புரியுமா என்று விசாரித்தார். படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

சித்தம்மா நவம்பர் இருபத்தொன்றாம் தேதி பினாங்கில் இறந்தார். அண்ணன் போன பிறகு அவருக்கு இருக்கப் பிடிக்கவில்லை என்று நிர்மலா எழுதியிருந்தார். அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. ஒரு சாவுச் செய்தியைக் குடும்பத்துக்குத் தெரிவிக்காமல் இருப்பது முறையல்ல. புதன்கிழமை காலையில் விருந்தினர் பக்கம் முழுவதையும் அச்சடித்து, இந்தத் தடவை நானே கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மெத்தையில் உட்கார்ந்து அரை மணி நேரம் படித்தார். தன் சாவைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரையும் படித்தார். நிர்மலாவின் கடிதங்களையும் என் ஆறு பதில்களையும் இரண்டு தடவை படித்தார். கடைசித் தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப எம்பட தங்கச்சி வந்துட்டுத்தான் போயிருக்கறா," என்றார்.

ஆமாம் என்றேன். மறுநாள் உங்களிடம் வந்து புகார் கொடுத்திருக்கிறார்.

இதில் என் தவறு என்ன என்று யோசித்துப் பார்த்தேன். தொடர்புப் பக்கத்தை நேரத்தோடு முடித்திருக்க வேண்டும். அதை இந்த வாரம் முடித்துவிட்டேன்.

கருப்புசாமி இப்போது புதன்கிழமைகளில் வருவதில்லை. சித்தம்மாவின் நல்ல படம் ஒன்று, முகம் நேராகத் தெரிவதாக, அனுப்பும்படி நிர்மலாவுக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.