இடது கைப் பிள்ளை

ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு அம்மாவும் மகளும். மகள் மடியில் சாப்ட்பால் கையுறை இருந்தது.

“ஏட்டி, இன்னைக்கு ஒரு நாளு இடது கையில எறிஞ்சா என்ன?” என்றார் அம்மா.

“எறிஞ்சா அம்பயர் மேலதான் விழும். நான் சோத்துக்கையிலதான எறிவேன்.”

“பொறவு கோச்சு சாரு எதுக்கு, இடது கைப் பிள்ளை கெடைக்கிறதே கஷ்டம், செலக்‌ஷனுக்குக் கூட்டிட்டு வாங்கன்னாரு?”

“நாம அனுப்புன வீடியோவப் பாத்துத்தான். எறியும்போதே என்னையப் பாக்கணும்னு முன்பக்கக் கேமராவுல எடுத்தோம்ல? அதுல வலது இடதாத் தெரியும். பனியன்ல எழுத்துகூடத் திரும்பித்தான் இருந்துச்சு.”

“எழுத்துத் தெரிஞ்சா நான் ஏன் மில்லுக்குப் போறேன்? படிச்ச மனுசன், அவரு பாக்க வேண்டாமா? மூணு மாசமா செல்லுலயே சொல்லிக்கொடுத்தாரே.”

“அவரு வலது காலை முன்ன வைன்னா நான் இடது காலை வச்சேன். சரியா வந்துச்சு.”

“அப்ப உனக்கு முன்னயே தெரியும்.”

“சொன்னா கூப்பிடமாட்டாருன்னு இருந்துட்டேன்.”



ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. அம்மாவின் செல் அடித்தது. கோச்சின் சத்தம் எனக்கே கேட்டது.

“எங்கம்மா இருக்கீக? இடது கைக்காரப் பிள்ளைக்குன்னு தனிக் கையுறை வாங்கி வச்சிருக்கேன்.”

மகள் தலை குனிந்துகொண்டாள். அம்மா எழுந்து நின்றார்.

“இந்தா இறங்கிட்டோம் சார். ரெண்டு கையும் கொண்டுதான் வாரோம்.”