நரியின் உதடு

மாணவர்கள்மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை, சலிப்பு மட்டும்தான். இந்த வேறுபாட்டை நீங்கள் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டுதோறும் அவர்களை நூலகத்தின் கண்ணாடி அறைக்கு அழைத்துச் செல்வேன். இடைக்காலத் துறவிகள் கன்றுத்தோலில் எழுதிய ஏடு அங்கே மேசைமேல் விரிந்திருக்கும். பக்கத்தின் முதலெழுத்து மட்டும் உள்ளங்கை அகலம். தங்க ரேக்கு ஒட்டிய எழுத்து, அதைச் சுற்றிக் கொடிகள், நடுவே துறவியின் அங்கி அணிந்து மண்டியிட்டுப் பாவமன்னிப்புக் கேட்கும் ஒரு நரி.

"இது எழுத்தா, மிருகக்காட்சிசாலையா சார்?" என்பான் ஒருவன்.

"உன் கையெழுத்துக்கு இது எவ்வளவோ தேவலடா" என்பாள் பக்கத்தில் நிற்பவள்.

சிரிப்பார்கள், செல்போனில் படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். அந்தத் தங்கம் தீச்சுடருக்காக ஒட்டப்பட்டது, மின்விளக்கில் அது செத்துக் கிடக்கிறது என்று நான் சுவரோடு பேசிக்கொண்டிருப்பேன்.

நரி உண்மையாகவே மனம் திருந்துகிறது என்பதுதான் என் ஆய்வின் மையம். இளமை முழுவதையும் அதற்குக் கொடுத்தேன். நூல் அச்சகத்தில் இருந்தது.

இந்த ஆண்டு ஒருத்தி காது கொடுத்துக் கேட்டாள். எதையும் மூக்கு உரசப் பார்ப்பதால் மற்றவர்கள் அவளைப் 'பூதக்கண்ணாடி' என்பார்கள். வகுப்பு கலைந்த பிறகும் நின்றாள்.

"சார், போன் டார்ச்ச சாய்ச்சுப் பிடிச்சா உதடு விரியுது. இது அழல சார், சிரிக்குது. மன்னிப்பு கேக்குற மாதிரி நம்மள ஏமாத்துது."

"டார்ச் வெளிச்சத்த நம்பாதம்மா."

"அப்ப நீங்க சொன்ன மாதிரி மெழுகுவத்தியிலயே பாத்துரலாமா? சாவி மட்டும் குடுங்க சார்."

கொடுத்தேன். ஆர்வமுள்ள மாணவியை எந்த ஆசிரியர் தடுப்பார்?

கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் சுடரை ஏட்டின் அருகே பிடித்திருந்தாள். புன்னகைத்தாள். அணைக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். கூப்பிட்டால் திடுக்கிடுவாள், மெழுகு சிந்தும். ஆகவே தீயணைப்புப் பொத்தானை அழுத்தினேன். தண்ணீர் ஏட்டைக் கெடுக்கும் என்பதால் அந்த அறையில் வாயுதான் இறங்கும்; காற்றை வெளியேற்றித் தீயை அணைக்கும். உள்ளே இருப்பவர் உடனே வெளியேற வேண்டும் என்று பலகையும் உண்டு. அவள் கதவுக்கு வந்தாள். திறந்தால் வெளிக்காற்று புகுந்து தீ பிழைத்துக்கொள்ளும். கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டேன். 'சார்' என்று அவள் உதடுகள் அசைந்தது தெரிந்தது. சுடர் அணைந்த பிறகும் வெகுநேரம் பிடித்திருந்தேன். இத்தகைய விஷயங்களில் அவசரம் கூடாது.

ஏட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு மெழுகுத் துளியைத் தவிர. அந்தப் பழியை அவள்மேல் போடாதீர்கள்; அது என்னுடையது. வாயு கலைந்த பின், உங்கள் காவல் நிலையத்தை அழைப்பதற்கு முன், கதவடியில் கிடந்த அவளைத் தாண்டிப் போய் அதே மெழுகுவத்தியை ஏற்றிப் பார்த்தேன். நரி சிரிக்கவில்லை. அதன் உதடு விரிந்ததுபோலத் தோன்றியது என் கை நடுங்கியதால்தான்.