தாமதம் என்று எழுதிய கை

என் பேச்சின் நீளத்தை அளப்பதற்காகவே கைமணியை முன்னால் வைத்துக்கொண்டு தலைமைப் பீடத்தில் அமர்ந்திருக்கும் அஞ்சல் அதிபர் கனகசபாபதி ஐயா அவர்களே! ஊரின் நல்லதிலும் கெட்டதிலும் முன்னே நிற்கும் பள்ளிவாசல் தலைவர் கச்சிமுகம்மது ஹாஜியார் அவர்களே! மாவடிப்பள்ளியிலிருந்தும் சொறிக்கல்முனையிலிருந்தும் வயல் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! கடையடைத்து வந்த வணிகர்களே! திரைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, இந்தப் பக்கத்து ஆண்களைவிடக் கவனமாகக் கேட்கும் தாய்மார்களே! பதினான்கு ஆண்டுகளாய் இந்த ஊரின் குரலைக் குரலோடு கோத்துத் தந்த, இந்த மாலையின் நாயகி, பாண்டிருப்புத் தங்கேஸ்வரி அக்கா அவர்களே! எல்லோர் மீதும் இறைவனின் சாந்தி இறங்கட்டும். எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த வணக்கம்.

நான் ஜவுபர். தொலைபேசி நிலையத்தில் கம்பி பார்ப்பவன், கருவி திருத்துபவன். மேடை எனக்குப் பழக்கமில்லை. புதிய தன்னியக்க இயந்திரத்தின் பெருமையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு, வேலையிலிருந்து போகும் தங்கேஸ்வரி அக்காவுக்குப் பொன்னாடை போர்த்திவிடு என்று என்னிடம் சொன்னார்கள். பொன்னாடை இதோ மேசையில் இருக்கிறது. பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பின்னால் கேட்கவில்லையா? ஒலிவாங்கியைக் கிட்ட இழுக்கிறேன். இப்போது? ஓம், நல்லது.

அன்பர்களே, அந்த இயந்திரத்துக்குப் பசிக்காது, படுக்காது, பதில் பேசாது. தேநீர் கேட்காது, தலையிடி என்று சொல்லாது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவும் போடாது. நீங்கள் இலக்கத்தைச் சுழற்றினால் எட்டே செக்கனில் கொழும்பு உங்கள் காதுக்கு வந்துவிடும். முன்பு வெளியூர் பேச ஒரு ட்ரங்க் கோலுக்காகக் காலையில் பதிந்துவிட்டு நண்பகல் லுஹர் தொழுது வந்து, சாப்பிட்டு, மீண்டும் காத்திருந்தீர்களே, அந்தக் காலம் போய்விட்டது. சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஒரு மாதத்துக்கு முன்னர் நானும் சிரித்தவன்தான்.

இதைப் பொருத்த வந்த பொறியியலாளர் என்னிடம் சொன்னார்: "ஜவுபர், இது சின்ன மெசின். வெளிநாட்டில கணனி என்று ஒன்று இருக்கு. இனிமேல் அது யோசிக்கும். ஆள் பேசுறதக் கேட்டு அதுவே பதில் சொல்லும். தனக்கு என்ன பழுது என்று அதுவே கண்டுபிடிக்கும்."

"அப்ப எனக்கென்ன வேல, சேர்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல" என்று சொல்லிச் சிரித்தபடி என் தோளைத் தட்டினார். அந்தச் சிரிப்பில் அவருக்கே நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

யோசிக்கும் இயந்திரம் வரட்டும். வருவதை யார் தடுக்க முடியும்? ஆனால் ஒரு கேள்வி. அது எதை வைத்து யோசிக்கும்? நாம் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தானே? நாம் எழுதாமல் விட்டது அதற்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஏனென்றால், எழுதாமல் விட்ட கை இந்தக் கைதான்.

கேளுங்கள். இரண்டு வருடங்களுக்கு முன்னர் மேலிடத்திலிருந்து எனக்கு ஓர் உத்தரவு வந்தது. ஏழு நாள், இணைப்புக் கொடுக்கும் ஒப்பரேட்டர்களுக்குப் பின்னால் உட்கார வேண்டும். ஒவ்வொரு கோலுக்கும் எத்தனை செக்கன் எடுக்கிறார்கள் என்று எழுத வேண்டும். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்துக்கு வைப்பார்களே, அந்த மாதிரிக் கடிகாரம் ஒன்றும் தந்தார்கள். தாளில் மூன்று கட்டங்கள். ஒன்றில் நேரம். ஒன்றில் தாமதம். மூன்றாவதில் காரணம்.

உட்கார்ந்தேன். எழுதினேன். ஐயா, நம் மக்கள் எங்கே இலக்கம் சொல்கிறார்கள்? "புள்ள, மில்லுக்காரக் காக்காவ ஒருக்காத் தா" என்பார்கள். மில் வைத்திருக்கும் காக்காமார், அண்ணன்மார், இந்தக் கரையில் எத்தனை பேர்! கேட்டவரின் குரலை வைத்தே எந்த மில் என்று அக்காவுக்குத் தெரியும். "அவர் இப்ப மில்லுல இரிக்கமாட்டார், மகள்ட வீட்டுக்குத் தாறன்" என்பார். பதினெட்டு செக்கன். எழுதினேன். இருபது செக்கன். எழுதினேன். எனக்கு என் கடிகாரத்தின் மேல் பெரிய மரியாதை.

மூன்றாம் நாள், புதன்கிழமை முற்பகல். கொழும்பிலிருந்து ஒரு கோல். இலக்கம் நாற்பத்தாறைக் கேட்டார் ஓர் ஆண். அக்கா இரண்டு வார்த்தை கேட்டார். பிறகு, "லைன் சரியில்ல, கொஞ்சம் பொறுங்க" என்றார். லைன் சரியாகத்தான் இருந்தது! கம்பி பார்ப்பவன் நான், எனக்குத் தெரியாதா? அக்கா நாற்பத்தாறைத் தொடவே இல்லை. வேறு இரண்டு இடத்துக்கு எடுத்தார், வாயைக் கையால் மூடிக்கொண்டு மெதுவாகக் கதைத்தார். பிறகு சும்மா இருந்தார். இணைப்புப் பலகையைப் பார்த்தபடி சும்மா இருந்தார்! கடிகாரம் ஓடுகிறது. எனக்கு எரிச்சல் ஏறுகிறது. கடைசியில் நாற்பத்தாறுக்குக் கொடுத்தார்.

பதினொரு நிமிடம். தாமதம் என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். அவரிடம் கேட்கவில்லை. அந்த ஏழு நாளில் இப்படி நான்கு கோல்கள். நான்கையும் அப்படியே எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து.

சென்ற மாதம் இயந்திரம் வந்தது. மூன்று ஒப்பரேட்டர்களுக்கும் வேலை போனது. இப்படிப் போகிறவர்களுக்கு அஞ்சலகத்தில் வேறு வேலை கொடுப்பது வழமை. தங்கேஸ்வரி அக்காவுக்கு வந்த கடிதத்தில் என்ன இருந்தது தெரியுமா? "கடமையில் தாமதம் காட்டியவர். மாற்றுப் பணிக்குப் பரிந்துரைக்கப்படவில்லை." எவருடைய சொல் அது? என்னுடைய சொல். என் கடிகாரம் சொன்ன சொல். பதினான்கு வருட உழைப்பை என் நான்கு வரி அழித்துவிட்டது. அந்தக் கடிதத்தை நான் வாசித்தேன். வாசித்த பிறகும், மன்னியுங்கள், அது நியாயம் என்றுதான் நினைத்தேன்.

இனிச் சொல்லப் போவது என் வீட்டுக் கதை. கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

இயந்திரத்தின் திறப்பு விழா. முற்பகல் பதினொன்றரைக்கு நாடா வெட்டினார்கள். கைதட்டினார்கள். நான் புதுச் சட்டையோடு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் ஒரு மணித்தியாலத்தில் அறுபத்திரண்டு கோல்கள். ஒன்றுகூடத் தாமதமில்லை! "பாருங்க, பாருங்க" என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

அந்த அறுபத்திரண்டில் ஒன்று என் தங்கை கமீலாவின் வீட்டுக்குப் போனது.

மச்சான் ஸைனுலாப்தீன் புடவை எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். உங்களில் பலருக்குத் தெரிந்தவர். கடையில் கதைத்துக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். எழும்பவில்லை. கடைக்காரர் நல்ல மனிதர். பதறிப்போய், மச்சானின் சட்டைப் பையில் இருந்த சின்னக் கொப்பியைப் பார்த்து வீட்டு இலக்கத்தைச் சுழற்றினார். எட்டு செக்கன். என் தங்கை அடுப்படியிலிருந்து ஓடிவந்து எடுத்தாள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. "பஸ் ஏறிட்டீங்களா?" என்றுதான் கேட்டிருக்கிறாள், புருஷன் என்று நினைத்து.

அதற்கு அவர் பதில் சொல்லிவிட்டார். ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

விழா முடிந்து, அங்கே தந்த பலகாரப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன், என் பெருமையைச் சொல்ல. ரிசீவர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் சோறு கரிந்து வீடெல்லாம் மணத்தது. அவள் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள். ஒன்றரை மணித்தியாலமாகத் தனியே இருந்திருக்கிறாள், சபையோரே! ஒன்றரை மணித்தியாலம்! அழவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்:

"காக்கா, தங்கேஸ்வரி அக்கா எங்க? அவ இருந்திருந்தா இப்பிடி நேர தந்திருக்க மாட்டாவே."

எனக்கு விளங்கவில்லை. பின்னால் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்த வேலை எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்குள் இருந்த பெண்களுக்கு விளங்கியிருந்தது.

மச்சானுக்கான கத்தம் ஓதலெல்லாம் முடிந்த பிறகு பாண்டிருப்புக்குப் போனேன். "அக்கா, அண்டைக்குப் புதன்கிழம, நாப்பத்தாறாம் நம்பர். பதினொரு நிமிசம் என்ன செய்தீங்க?" என்று கேட்டேன்.

அக்கா சொன்னார்: "மௌத்துச் செய்தி தம்பி, சாவுச் செய்தி. அந்தப் புள்ள சின்னப் புள்ள, தனிய இரிந்தது. கடைக்கு எடுத்து அவட வாப்பாவ வீட்ட அனுப்பினன். பக்கத்து வீட்டுச் சாச்சியையும் போகச் சொன்னன். அவங்க போய்ச் சேருமட்டும் கோலப் பிடிச்சு வச்சிருந்தன். அவ்வளவுதான்."

"ஏன் அக்கா எனக்கு ஒரு சொல் சொல்லல்ல? நான் எழுதிக்கிட்டு இரிந்தனே!"

"நீங்க கேக்கல்லயே தம்பி. அதோட, அந்த வீட்டுக்கே இன்னம் தெரியாது. அவங்கட மௌத்த நான் எப்பிடி முதல்ல உங்களுக்குச் சொல்ற?"

பெரியோர்களே! அந்த ஒரு பதிலுக்கு முன்னால் என் படிப்பு என்ன, என் கடிகாரம் என்ன, என் அழகான கையெழுத்துத்தான் என்ன! முஸ்லிம் வீடா, தமிழ் வீடா என்று பார்த்தாரா? கிட்டவா, தூரமா என்று பார்த்தாரா? யார் தனிய இருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தார். அதற்காகக் கெட்ட பெயர் வாங்கினார். வேலை போன பிறகும் வாய் திறக்கவில்லை.

என்ன சொல்கிறீர்கள் தம்பி? "மெசினக் கழட்டி எறிங்க" என்கிறாரே, அந்தக் கரையில் நிற்பவர்? வேண்டாம் தம்பி. மெசினில் ஒரு பிழையும் இல்லை. எட்டு செக்கனில் கொடு என்று நாம் சொன்னோம், அது கொடுத்தது. பிழை அந்த வெறுமையான கட்டத்தில் இருக்கிறது.

திரைக்கு அப்பால் யாரோ கதைக்கிறீர்கள். சல்மா உம்மாவா? சத்தமாகச் சொல்லுங்கள் உம்மா, எல்லோரும் கேட்கட்டும்.

"என்ட மகன் மௌத்தான அண்டைக்கும் அவதான், தம்பி! முதல்ல சனம் வந்து என்னச் சுத்தி இரிந்தாங்க. பொறகுதான் டெலிபோன் அடிச்சது. அந்தப் புள்ள நல்லா இரிக்கணும்!"

கேட்டீர்களா? இன்னும் எத்தனை கைகள் உயர்கின்றன, பாருங்கள்! ஹாஜியார், உங்கள் கையுமா? சூறாவளிக்குப் பிந்திய அந்த நாட்களிலா? உங்கள் எல்லோருடைய தாமதத்தையும் கூட்டினால் எத்தனை நாள் வரும்? அத்தனை நாளும் இந்த ஒரு பெண், ஊரின் துக்கத்தை உள்ளங்கையில் வைத்துக் காத்திருந்தார். நாம் அதற்குத் தண்டனை கொடுத்திருக்கிறோம்.

ஆகவே இந்தப் பொன்னாடையை நான் போர்த்தப் போவதில்லை. போர்த்தி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட என்னால் முடியாது. இதோ என் சட்டைப் பையில் ஒரு தாள். அந்த அறிக்கையின் நான்கு வரிகளையும் மீண்டும் எழுதியிருக்கிறேன். அந்தந்த வீட்டாரிடம் கேட்டறிந்து, காரணம் என்ற கட்டத்தை நான்கு இடத்திலும் நிரப்பியிருக்கிறேன். முதலில் எழுதியது என் பிழை என்று எழுதி, என் பெயரைப் போட்டிருக்கிறேன். இதனால் என் வேலை போகலாம். போனால் போகட்டும். தலைவர் ஐயா, இதை நீங்கள் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் எல்லோரும் கீழே உங்கள் பெயரைப் போட வேண்டும். எழுதத் தெரியாத தாய்மார் பெருவிரலை வையுங்கள்.

இது வெல்லும் என்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். தாளைப் பார்க்கிறவர் என்னைப் போலவே ஒரு கடிகாரக்காரராக இருக்கலாம். வென்றாலும் என் தங்கையின் ஒன்றரை மணித்தியாலத்தை எவராலும் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அக்கா, கமீலா புருஷனுக்காக இத்தாவில் இருக்கிறாள், வெளியே வர முடியாது. உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். "டெலிபோன் அடிச்சா எனக்குக் கை வருதில்ல காக்கா. அக்காட்டச் சொல்லுங்க, அவ ஒருக்கா எடுத்துக் கதைச்சா, நான் எடுப்பன்." அவள் வீட்டு இலக்கத்தை நான் தரத் தேவையில்லை. உங்களுக்குத் தெரியும். நாளைக்கு லுஹருக்குப் பிறகு அவளுக்கு ஒரு கோல் எடுங்கள் அக்கா. என் உம்மா அவளுக்குப் பக்கத்தில் இருப்பார்.

தலைவர் கைமணியில் கை வைத்துவிட்டார். ஐந்து நிமிடம் தந்தார், நான் இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்துவிட்டேன். பொறுமையோடு இருந்த அவைக்கும், அழுதபடி கேட்ட தாய்மார்களுக்கும், மன்னிக்க வேண்டிய அக்காவுக்கும் என் நன்றி. உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் சுகமும் ஸலாமத்தும் நிலைக்கட்டும், என் வணக்கம். ஐயா, பேசுபவர் பெயர் எழுதும் உங்கள் கொப்பியில் என் பெயருக்கு நேரே இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: ஜவுபர், தாமதம். காரணம் உண்டு.