இடைவேளையில் ஓடிய சிங்கம்

"அலோ... அலோ, டேய் விஜயராஜு, எங்கடா இருக்கற? ... சரியா கேக்கல... ஸ்டேஷனா? எந்த ஸ்டேஷன், போலீஸா? ... ரயிலு ஸ்டேஷனா. அங்க இன்னாடா வேல உனுக்கு?"

கல்பனா கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மேடைத் திரையின் ஓரத்தை விலக்கி எட்டிப் பார்த்தாள். வில்லியனூர் கல்யாண மண்டபத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் பள்ளிக்கூடமும் வரிசையாக நடத்தி அழைத்துவந்த கூட்டம் இல்லை. குடும்பம் குடும்பமாக, ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலத்தில், தாங்களாகவே வந்த கூட்டம். அவள் நாடகக் குழு தொடங்கி மூன்று வருஷத்தில் இப்படி நடப்பது இதுதான் முதல் தடவை.

சிங்கத்தை முயல் ஏமாற்றிக் கிணற்றில் குதிக்க வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். கல்பனா அதைச் சிரிப்பு நாடகமாக்கியிருந்தாள். அவளுடைய சிங்க ராஜாவுக்கு உடம்பெல்லாம் சொறி. மிருகங்களுக்கு ரேஷன் கடை மாதிரி டோக்கன் கொடுத்து, வரிசையில் நிற்க வைத்துத் தின்னும். முதல் பாதி முடிந்து இடைவேளை விட்டாயிற்று. இனி சிங்கம் கிணற்றில் குதிக்க வேண்டும். குதிக்க வேண்டிய சிங்கம் ரயிலடியில் நின்றுகொண்டு போன் பேசியது.

"... ஆமா ஆமா, இப்ப கேக்குது. சிங்க ட்ரெஸ்ஸோடவா நிக்கற? ... ஜிப்பு முதுவுல இருக்குது, நீயா எப்பிடிக் கழட்டுவ... விழுப்புரம் போயி இன்னா பண்ணப்போற, அங்க காடா இருக்குது? ... இன்னா சத்தம் அது... நாயா? எத்தினி? ... அஞ்சு நாயும் கொலைக்கத்தான் செய்யும். அதுங்க சிங்கத்த எங்க பாத்துது? ... யார்ரா அது பக்கத்துல, செல்ஃபியா? எடுத்துக்கட்டும், நீ பேசு."

மேடைக்கு முன்னால் முயல் வேஷத்தில் இருந்த சத்யா, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி டோக்கன் எண் கொடுத்து நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தேழாவது டோக்கன் வரை போயிருந்தது.

"... வவுத்துவலியா? பொய் சொல்லாத. இப்பதான் ரெண்டு சமோசா தின்ன... ம்... ம்... யாரு? ... ரெண்டாவது வரிசையா? ... பச்சத் துண்டு... இரு, பாக்கறன்... தோ இருக்கறாரு. மடியில ஒரு பொண்ணு... உங்கக்கா பொண்ணா? ஓ, வெண்ணிலா... அப்ப அவரு... உங்கப்பாவா?"

கல்பனாவின் குரல் தானாகத் தாழ்ந்தது. விஜயராஜ் செல்லிப்பட்டுக்காரன் என்பதும், அவன் அப்பா கண்ணையனுக்கு ஆற்றோரத்தில் நெல்லும் கரும்பும் உண்டு என்பதும் அவளுக்குத் தெரியும். வீட்டு ஆட்கள் யாரையும் அவன் நாடகம் பார்க்கக் கூப்பிட்டதில்லை என்பதும் தெரியும். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

"... வூட்ல சொல்லவே இல்லியா? ... எட்டு மாசமாவா? அப்ப தெனம் காலைல இன்னான்னு சொல்லிட்டு வர? ... சூப்பர்வைசரா. எந்தக் கம்பெனி? ... சோப்புக் கம்பெனி. ஆமா ஆமா, கழுத்துல ஒரு கார்டு தொங்கும், நான் பஸ் பாஸுன்னு நெனச்சன்... இன்னாது? ப்ரமோஷன் வேற வாங்கிட்டியா? யாரு குடுத்தா, நீயே குடுத்துக்கினியா? ... ஸ்வீட்டு வேற வாங்கினு போனியா. இம்மாம் நடிப்ப மேடையில காட்டியிருந்தா நாம எங்கியோ போயிருப்பம்டா."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இதப் பாரு. உம்மூஞ்சிய அவரு பாக்கல. தலையச் சுத்தி ஒரு மூட்ட முடி இருக்குது... கொரலா? சிங்கமாட்டம் கத்தறது உங்கப்பாவுக்கு எப்பிடிடா தெரியும், வூட்ல கத்துவியா? ... டேய், அவரு சிரிச்சாருடா... மெய்யாலுமே. நீ தூண்ல முதுவு தேச்ச பாரு, அப்போ. பக்கத்து ஆளு தொடையத் தட்டித் தட்டிச் சிரிச்சாரு... நான் ஏன் பொய் சொல்லப்போறன்."

தொடையைத் தட்டிச் சிரித்தவர் மூன்றாவது வரிசைக்காரர். அதையெல்லாம் விளக்க அவளுக்கு நேரமில்லை.

"... ம்... ம்... தெரியும்பா. இஞ்சினியருக்குப் படிக்க வெச்சாரு, தெரியும்... ம்... ஊர்ல தல காட்ட முடியாதுன்னுவாரு. கூத்தாடின்னுவாரு..."

கல்பனா திரையை விட்டுவிட்டு, சுவரோரம் கிடந்த அட்டைக் கிணற்றின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நானும் கேட்டிருக்கன்டா அந்தப் பேச்ச. எங்கண்ணன் ரெண்டு வருஷம் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல... இல்ல, இப்ப பேசறான். பசங்கள நாடகத்துக்குக் கொண்டாந்து வுடுவான். வாசல்லியே வண்டிய திருப்பிக்கினு போயிடுவான், உள்ள வரமாட்டான்... எதுக்கு சொல்றன்னா, உங்கப்பா உள்ள வந்து குந்தியிருக்கறாரு. அவ்ளோதான்... ம்... அது தெரியாம வந்ததாவே இருக்கட்டும்."

மறுமுனை ஏதோ யோசனை சொன்னது. கல்பனா எழுந்து நின்றுவிட்டாள்.

"உனுக்கு பதிலா ஆம வேஷக்காரன குதிக்க வெக்கறதா? ஆம தண்ணில வுழுந்தா நீஞ்சிப் போயிடும்டா, கத எங்க முடியும்? ... இன்னா சத்தம்? ரயிலா? ஏறாத. விஜயராஜு, ஏறாத. காலு கீழ இருக்குதா, மேல இருக்குதா? ... படியிலயா? எறங்கு. எறங்கிப் பேசு... இரு, இரு. உங்கப்பா எழுந்துட்டாரு. பாப்பாவ இட்டுக்கினு... வெளிய போவல. இங்கதான் வர்றாரு. போன வெக்காத."

பக்கவாட்டுப் படியில் ஏறிக் கண்ணையன் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு வந்த வெண்ணிலாவின் கன்னத்தில் அழுத தடம். சிங்கத்தோடு படம் எடுத்தே ஆகவேண்டும் என்று பிள்ளை அடம் பிடிப்பதாக அவர் சொன்னார். கல்பனா போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினாள். வைக்கவில்லை.

"வாங்கய்யா, வாங்க. சிங்கம் இப்ப சாப்புடப் போயிருக்குதுங்க... தோ வந்துடும் கண்ணு, ஒரு மான முடிச்சிட்டு வந்துடும்."

சிங்கம் மான் தின்னப் போகவில்லை, மண்டபத்துப் பின்பக்கமாக ஓடியது என்றாள் வெண்ணிலா. இடைவேளையில் தாத்தா அவளைக் கக்கூசுக்குக் கூட்டிப்போனபோது இருவரும் பார்த்தார்களாம்.

கண்ணையன் அவள் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார்.

"இது லைட்டுக்காரருங்கய்யா. அவருகிட்ட எதுக்குங்க நீங்க..."

அவர் வாங்கிக்கொண்டார்.

"அலோ... மூச்சு வுடறது கேக்குது, பேசு... பேசமாட்டியா? சரி, நான் பேசறன். பின்னாடி எரும ஒண்ணு கட்டியிருந்துதில்ல. அத்தப் பாத்துட்டு வால கையில புடிச்சிக்கினு ஒரு எகிறு எகிறி ஓடன பாரு, அப்பவே தெரிஞ்சிபோச்சி. செல்லிப்பட்டுலியே எருமைக்கு அந்த ஓட்டம் ஓடறவன் ஒருத்தன்தான்."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. வெண்ணிலா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். கல்பனா அவளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டாள்.

"... ம்... ம்... சோப்புக் கம்பெனியா. எட்டு மாசத்துல ஒரு சோப்பு கொண்டாந்தியாடா வூட்டுக்கு? ... ஆமா, கோவந்தான். கோவம் வராம? உங்கம்மா தெனம் அஞ்சு மணிக்கு எழுந்து சோறு கட்டிக் குடுக்கறா, சூப்பர்வைசருக்கு... அதெல்லாம் வூட்டாண்ட பேசிக்கலாம். இங்க வேணாம், கொழந்த நிக்குது... யாரு சொன்னா? நான் எங்க சிரிச்சன்? நான் சிரிக்கல."

கல்பனா அட்டைக் கிணற்றில் உரிந்திருந்த தாளை ஒட்ட ஆரம்பித்தாள்.

"சிரிக்கிற மாரி இன்னா பண்ண நீ? சொறியறது அப்பிடியாடா? எத்தினி மாட்டப் பாத்து வளந்த. பின்னங்கால ஊணி, இடுப்ப இட்டுத் தேய்க்கணும். கண்ணு பாதி மூடிக்கணும், சொகத்துல. நீ இன்னாடான்னா கொசு கடிச்சவனாட்டம் நிக்கற... ம்... ம்..."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சிங்கம், சிங்கம் என்று கையைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"... அழுவாத. முடியெல்லாம் நனைஞ்சிடும், அது அவங்க சாமானு... ரயிலு கெளம்புதா? போவட்டும், வுடு. இங்க முன்னூறு பேரு குந்தியிருக்கறாங்க. உன்னோட படம் எடுக்கணும்னு வெண்ணிலா அழுத அழுவ எனக்குத்தான் தெரியும்... ம்... வந்து குதி மொதல்ல. குதிச்சிட்டு வூட்டுக்கு வா, அங்க இருக்குது உனுக்கு."

போனைக் காதிலிருந்து எடுத்து, எங்கே அமுக்குவது என்று பார்த்தார். கல்பனா சிவப்புப் பொத்தானைக் காட்டினாள். அவர் அமுக்கினார்.