டெரன்ஸ் படகின் சாஃப்ட்

டூல் சாணை பிடிக்கும்போது நான் யாரோடும் பேசுவதில்லை, ஐயா. அதை வைத்து என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. இரும்பை வெட்டுகிற முனை மயிரிழை மாறினாலும் வேலை மாறிவிடும், அவ்வளவுதான். பொன்னுதுரை லேத் பட்டறை என்றால் புன்னைக்காயலிலிருந்துகூடப் படகுக்காரர்கள் வருவது அதனால்தான்.

டெரன்ஸும் பன்னிரண்டு வருஷம் அப்படி வந்தவன். போன வருஷம் கம்ப்யூட்டர் மெஷின் வைத்த பட்டறை ஒன்று திறந்ததும் அங்கே போய்விட்டான். அதில் எனக்கு வருத்தமில்லை. இந்த ஆடி மாதம் அந்த மெஷின் பழுதாகி நின்றது. அவன் படகில் விசிறியைச் சுழற்றுகிற சாஃப்ட் தேய்ந்திருந்தது. என்னிடம் வந்தான். பட்டறையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"அவசரத்துக்குத்தான் இங்கன வாரேன், அண்ணாச்சி. ஒங்க வேலையில ஒரு குத்துமதிப்பு இருக்கும்லா," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன்.

சாஃப்டில் தடித்த பகுதி முடிந்து மெலிந்த பகுதி தொடங்கும் இடத்தில் மூலையை வளைவாக விடவேண்டும். அதற்காக டூல் முனையைச் சற்று உருட்டிச் சாணை பிடிப்போம். மூலை கூராக இருந்தால், சுற்றச் சுற்ற அங்கேதான் விரிசல் விழும். அன்று நான் முனையை ஊசிபோலப் பிடித்தேன். லென்ஸ் வைத்து மூன்று முறை பார்த்தேன். நீங்கள் அளந்து பாருங்கள், ஓர் இடத்திலும் பிசகு இருக்காது.

டெரன்ஸ் சாஃப்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரில்லா இருக்கு," என்றான். அவன் அப்படிச் சொன்னதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் நாள், காற்றில் கரைக்குத் திரும்பும்போது, அலைத்தடுப்புக் கற்களுக்குப் பக்கத்தில் சாஃப்ட் ஒடிந்தது. அலை படகைத் தூக்கிக் கல்லில் அடித்தது. மூன்று பேர் நீந்தி ஏறிவிட்டார்கள். டெரன்ஸும் அவன் மச்சான் ரெக்சனும் போய்விட்டார்கள். ரெக்சன் வழக்கமாகக் கடலுக்குப் போகிறவன் இல்லை. அவன் ஏறியதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அடக்கத்துக்குப் போனேன். டெரன்ஸ் மனைவி ஹில்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி வேலைய மிஞ்ச ஆளில்லன்னு சொல்லிட்டே இருந்தாவ," என்று அழுதாள். எனக்கு மனது நிறைந்துவிட்டது.

வேலையில் கவனக்குறைவு என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அதைத் திருத்தத்தான் இவ்வளவும் சொன்னேன். தெரிந்து செய்தேன், ஐயா. அதற்கு அத்தாட்சியும் இருக்கிறது. அந்த வாரம் இன்னும் மூன்று படகுகளுக்கு அதே சாஃப்ட் கேட்டிருந்தார்கள். ஒன்றில் மட்டும் மூலை கூராக இருந்தால் கைப்பிசகு என்பார்கள். நாலும் ஒன்றுபோல இருந்தால் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. அதே டூலில் நாலையும் கடைந்தேன்.

மற்ற மூன்று படகுகளும் இன்று காலை கடலுக்குப் போயிருக்கும். படகுக்கு ஐந்தாறு பேர். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நல்ல மனிதர்கள்.